பச்சைக்குழந்தை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவளுக்குத் தூக்கத்துக்குத்தான் பஞ்சம், அறிவுரைக்கு இல்லை. அம்மா ஒன்று சொல்வார், மாமியார் வேறொன்று சொல்வார், எதிர்வீட்டு ஆச்சி இரண்டையும் மறுப்பார், நடு இரவில் யூடியூப் நான்காவதாக ஒன்றைக் காட்டும். இளம் தாய்மார்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முதல் ஆறு வாரத்துக்கு உரியவைதான் அதிகம்.

பதில்களில் நான் வைத்திருக்கும் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் குழந்தையின் உடம்புக்கு வெளியே செய்வதில் பெரும்பாலானவை நல்லவை, சில வெறும் பழக்கம். வாய், மூக்கு, காது, கண், தொப்புள் வழியாக எதையாவது உள்ளே விடப் போகிறார்கள் என்றால், அந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்க வேண்டும்.

பிறந்ததும் சேனை வைக்க வேண்டும் என்கிறார்கள். வைக்கலாமா?

வேண்டாம். சேனை என்று நாக்கில் தடவுவது ஊருக்கு ஊர் மாறும்: சர்க்கரைத் தண்ணீர், தேன், சில ஊர்களில் கழுதைப்பால். நல்ல குணமுள்ள பெரியவர் கையால் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கும் வரும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை, தேனோடுதான் சண்டை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்கள் குடல் அதைச் சமாளித்துவிடும். குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கினால் தசைகள் தளர்ந்து, பால் உறிஞ்சவும் மூச்சு விடவும் முடியாமல் போகலாம். அதனால்தான் ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்கிறார்கள். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வருபவர் கறந்து கொடுக்கும் பால் காய்ச்சாதது, அதிலும் கிருமி பயம் உண்டு.

அந்தப் பெரியவரின் மனம் நோகாமல் இருக்க, குழந்தையை முதலில் அவர் மடியில் கொடுங்கள். காதில் பேர் சொல்லச் சொல்லுங்கள்.

முதலில் வரும் மஞ்சள் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடச் சொல்கிறார்களே?

சீம்பால் அது. கெட்டியாக, மஞ்சளாக, கொஞ்சமாக வருவதைப் பார்த்து "அழுக்குப் பால்" என்று நினைத்திருக்கிறார்கள். குழந்தையின் குடலுக்கு முதல் காவல் தரும் நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதில்தான் செறிவாக இருக்கின்றன. முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவு வந்தாலே போதும், குழந்தையின் வயிறு அவ்வளவுதான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிசேரியன் ஆனவர்களுக்கு இது தள்ளிப்போகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவம் சிசேரியன்தான். தாய் தியேட்டரிலும் குழந்தை பாட்டி கையிலும் இருக்கும் அந்த இடைவெளியில்தான் சர்க்கரைத் தண்ணீர் நுழைகிறது. தண்டுவடத்தில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையில் தாய் விழித்துத்தான் இருப்பார், செவிலியர் பிடித்துக்கொண்டால் அங்கேயே மார்பில் போடலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

பால் பற்றவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். குழந்தை அழுவதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஈரத்துணியை வைத்துப் போடுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறது, அது வெளிறிய நிறத்தில் இருக்கிறது என்றால் பால் போதுகிறது.

எடை இன்னொரு கணக்கு. பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை முதல் சில நாளில் குறையும். இதைத் தெரியாமல்தான் பல வீடுகளில் மூன்றாம் நாளே பவுடர் டப்பா வந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் பழைய எடை திரும்ப வேண்டும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறும். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை நான்காம் நாள் 2.8 கிலோ இருந்தால் அது இயல்பு. இரண்டு வாரம் கழித்தும் 2.8 என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது கேட்டு வாங்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சரி, பச்சைக்குழந்தைக்குப் பொருந்தாது. பசியின் கடைசி அறிகுறி அழுகை. அதற்கு முன்பே உதட்டைச் சப்பும், கையை வாய்க்குக் கொண்டு போகும், தலையைத் திருப்பித் திருப்பித் தேடும். அப்போதே எடுத்துக்கொண்டால் அமைதியாகப் பற்றிக்கொள்ளும். வீறிட்டு அழ ஆரம்பித்த பிறகு பற்ற வைப்பது பெரும்பாடு. நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கும். இரவுப் பாலை விட்டுவிடாதீர்கள், பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதல்.

காம்பு வெடித்து உயிர் போகிறது. எல்லோருக்கும் இப்படித்தானா?

முதல் சில நாள் கூச்சம் இருக்கும். வெடித்து ரத்தம் வருகிறது என்றால் குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று பொருள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். வாய் பெரிதாகத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பதிந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் குழந்தையின் வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டு உறிஞ்சலைத் துண்டித்து, மறுபடி பற்ற வையுங்கள். இழுத்து எடுத்தால் புண் பெரிதாகும். பால் கொடுத்து முடித்ததும் கடைசித் துளிப் பாலையே தடவி உலர விடலாம்.

பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. புட்டியா, பாலாடையா?

பாலாடைக்கே என் ஓட்டு. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம் நம் பாட்டிகளின் சாமான். இன்றைக்கு இந்தியக் குழந்தை மருத்துவப் பாடநூல்களிலும் அதே பெயரில் இருக்கிறது, குறைமாதக் குழந்தைகள் வார்டிலும் இதில்தான் ஊட்டுகிறார்கள். புட்டியின் ரப்பர் இடுக்குகளில் பால் தங்கிக் கிருமி வளரும். பாலாடையில் ஒளிய இடமில்லை, கழுவிக் கொதிக்க வைத்தால் முடிந்தது.

குழந்தையைப் படுக்க வைத்து ஊற்றக் கூடாது. மடியில் அரை உட்காரலாகச் சாய்த்து, கழுத்தின் பின்னால் கை கொடுத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வையுங்கள். பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்தால் குழந்தையே நாக்கால் நக்கி இழுக்கும். விழுங்குகிறது, நிறுத்துகிறது, மூச்சு விடுகிறது. அது நிறுத்தும்போது நீங்களும் நிறுத்த வேண்டும். கையைக் காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கை அடைத்து, தொண்டையில் ஊற்றும் பழைய வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதில் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

பீய்ச்சிய பால் வெளியே நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். சுட வைக்க வேண்டாம், வெந்நீர் உள்ள பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தால் போதும். மிஞ்சும் அளவுக்குப் பால் சுரப்பவர்கள் தானமும் செய்யலாம். மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது.

வெயில் கொளுத்துகிறது. கொஞ்சம் தண்ணீராவது கொடுக்கலாமா?

கத்திரி வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். தாகம் என்று தோன்றினால் இன்னொரு தடவை மார்பில் போடுங்கள், நீங்கள் ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள்.

தொப்புளில் என்ன வைப்பது?

ஒன்றுமே வைக்கக் கூடாது. சாம்பல், விளக்கெண்ணெய், மஞ்சள், பவுடர், ஊசிப்போன பழைய களிம்பு, எதுவும். ஒரு காலத்தில் பிறந்த ஒரு வாரத்தில் குழந்தைகள் உடம்பு விறைத்து இறந்ததற்கு, அறுத்த கருவியும் தொப்புளில் வைத்த சாணமும் சாம்பலும் கொண்டுவந்த டெட்டனஸ்தான் காரணம். கர்ப்பத்தில் போடும் தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் சேர்ந்து அதை விரட்டின. பச்சிளம் குழந்தை டெட்டனஸை இந்தியா ஒழித்ததாக 2015-இல் உறுதி செய்யப்பட்டது.

டயபரையோ துணியையோ தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், காற்றுப் படட்டும். ஒன்று இரண்டு வாரத்தில் தானே காய்ந்து விழும். சுற்றிலும் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், நாற்றம் அடித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

எப்போது குளிப்பாட்டலாம்? காலில் போட்டுக் குளிப்பாட்டுவது சரிதானா?

முதல் 24 மணி நேரம் குளியல் வேண்டாம். உடம்பில் வெண்ணெய் பூசியதுபோல் இருப்பதைத் தேய்த்து எடுக்காதீர்கள், அது தோலுக்குக் காப்பு. எடை குறைந்த குழந்தையை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

காலில் போட்டுக் குளிப்பாட்டுவது நம் வீடுகளில் இருக்கும் மிக நல்ல கைப்பழக்கங்களில் ஒன்று என்றே சொல்வேன். கைதேர்ந்த பாட்டி செய்வதைக் கவனித்துப் பாருங்கள். மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொள்கிறார். தண்ணீரை உள்ளங்கையால் தொடாமல் முழங்கையால் தொட்டுப் பார்க்கிறார். வேலை செய்து காய்ப்பேறிய உள்ளங்கைக்குச் சூடு தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கணுக்கால்களுக்கு இடையே தலை பதிய, சேர்த்துவைத்த காலின் பள்ளத்தில் குழந்தையைக் கிடத்துகிறார். பயந்து கையை விரிக்கும் குழந்தை அந்தச் சூட்டில் அடங்கிவிடுகிறது. எண்ணெயை இரு கையிலும் தேய்த்துச் சூடாக்கி, மார்பிலிருந்து வெளிப்பக்கமாக, தொடையிலிருந்து பாதம்வரை நீவுகிறார். தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை அணையாக வைத்துத் தண்ணீர் கண்ணுக்கு வராமல் திருப்புகிறார். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எதையும் விடுவதில்லை. எல்லாம் ஐந்து நிமிஷம்.

நிறுத்தச் சொல்ல வேண்டியவை இவைதான்: மூக்கை இழுத்து நீட்டுவது, தலையை அமுக்கி உருண்டையாக்குவது, கையைக் காலைக் குறுக்கே மடக்கி இழுப்பது, வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது. பயத்தமாவு சிலர் தோலை வறட்டிவிடும், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். எண்ணெய்க்குச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் நன்று.

மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறார்கள். இதில் என்ன கெடுதல்?

எண்ணெய் மூக்கு வழியாக நுரையீரலுக்குள் இறங்கினால் இருமலே வராமல் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா ஆன்டிபயாடிக் மருந்துக்கும் லேசில் அடங்காது. காதில் விட்ட எண்ணெயில் பூஞ்சை வரும். மூக்கடைப்பு என்றால் மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு மருந்து கிடைக்கும், பால் கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டு போதும்.

சாம்பிராணி, மை, உச்சிக்கு எண்ணெய்?

சாம்பிராணிப் புகையை அறைக்குள் போட்டுக் குழந்தையை மேலே காட்டுவது அதன் நுரையீரலுக்குப் புகை பிடிக்கக் கொடுப்பதுதான். தலையை உலர்த்தப் பருத்தித் துண்டு போதும். உச்சிக்குழியில் எண்ணெய் தடவுவதால் கெடுதல் இல்லை, அது குழியை மூடுவதும் இல்லை. ஒன்றரை வயதுவாக்கில் தானே மூடும். உச்சி திடீரென்று உள்வாங்கினால் நீர்ச்சத்து குறைகிறது, அழாமல் இருக்கும்போதும் புடைத்து நின்றால் உடனே ஓட வேண்டும்.

கண்ணுக்குள் மை தீட்டக் கூடாது. கடை மையில் காரீயம் இருக்கலாம், வீட்டு மையில் விரல் கிருமி இருக்கும். திருஷ்டிக்குத்தான் என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள். கன்னத்துப் பொட்டு கையில் பட்டு வாய்க்குப் போகும்.

மார்பு வீங்கியிருக்கிறது, பெண் குழந்தைக்கு ரத்தம்கூடக் கசிந்தது!

பயப்பட வேண்டாம். வயிற்றில் இருந்தபோது தாயின் ஹார்மோன் குழந்தைக்கும் போயிருக்கும். அதனால் ஆண், பெண் இரண்டுக்கும் மார்பு வீங்கலாம், துளிப் பால்கூட வரலாம். முதல் வாரத்தில் பெண் குழந்தைக்குச் சில துளி ரத்தம் படலாம். எல்லாம் தானே சரியாகும். "பாலைப் பிழிந்து எடுக்கிறேன்" என்று அமுக்கினால்தான் சீழ் கட்டும்.

உரை மருந்து கொடுக்காமல் வளர்த்தால் வயிறு கெடும் என்கிறார்களே?

சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு ஆகியவற்றை வேகவைத்து உலர்த்தி, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவார்கள். என் பாட்டி காலத்து டப்பா எங்கள் வீட்டிலும் இருக்கிறது, வாசனை பிடிக்கும். ஆனால் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். எத்தனை இழைப்பு என்பது கைக்குக் கை மாறும். ஜாதிக்காய் கூடினால் மயக்கும். "மருந்து கொடுத்தேன், நன்றாகத் தூங்குகிறான்" என்று மகிழும்போது அவன் இரண்டு வேளைப் பாலைத் தவற விட்டிருப்பான். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர் சொல்லா மருந்து என்றும் பேர். அதில் உள்ள பீட்டா-அசரோன் நஞ்சுத்தன்மை உள்ளது என்பதால் அமெரிக்கா 1968-இலேயே உணவில் அதைத் தடை செய்தது. கையில் வசம்பு மணி கட்டுவதில் தவறில்லை. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது வருவதற்குள் கழற்றிவிடுங்கள், மணி அறுந்தால் தொண்டையில் சிக்கும்.

கிரைப் வாட்டர்?

இது பாட்டி வைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் செய்தது. பழைய சரக்கில் ஆல்கஹால் இருந்தது, குழந்தை அடங்கியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இப்போது ஆல்கஹால் இல்லை, தேவையும் இல்லை.

சாயங்காலமானால் நிறுத்தாமல் அழுகிறது. உரம் விழுந்திருக்கிறது, எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

பால் குடித்து, எடை ஏறி, பகலில் நன்றாக இருக்கும் குழந்தை மாலையில் மட்டும் அழுவது மிக சகஜம். ஆறு வாரம்வரை கூடிக்கொண்டே போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, விளக்கைக் குறைப்பது, மார்போடு அணைத்து நடப்பது, ஆளை மாற்றி ஆள் வைத்துக்கொள்வது என்று ஓட்ட வேண்டியதுதான். குலுக்கக் கூடாது, எவ்வளவு கோபம் வந்தாலும். கைக்கு அடங்காத எரிச்சல் வந்தால் குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு இரண்டு நிமிஷம் வெளியே போய் நில்லுங்கள்.

உரம் என்று சொல்லும் சுளுக்கை எடுக்கிறேன் என்று சேலையில் போட்டு இரண்டு பேர் பிடித்து உருட்டுவதும், முறத்தில் போட்டுப் புடைப்பதும் கழுத்து நிற்காத குழந்தைக்கு ஆபத்து. தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பதும் வேண்டாம். சீர் என்றும் மாந்தம் என்றும் சொல்லி வயிற்றில் சூடு வைப்பதை எந்த வார்த்தையால் நியாயப்படுத்தினாலும் அது தீக்காயம்தான்.

குழந்தை மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதுமா?

இரண்டாம் மூன்றாம் நாளில் முகம் மஞ்சளாவது பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நடக்கிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். ஆபத்தானவை வேறு: முதல் 24 மணி நேரத்திலேயே வரும் மஞ்சள், உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கிய மஞ்சள், மஞ்சளோடு பால் குடிக்காமல் துவண்டு தூங்குவது. மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் ரத்தத்தில் மிகக் கூடினால் மூளையைத் தாக்கும், காது கேளாமையிலும் முடியலாம்.

வெயில் கதைக்கு வேர் இருக்கிறது. 1956 கோடையில் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் வட்டாரத்து ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்ட் என்ற செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயில் காயத் தோட்டத்துக்குத் தூக்கிப் போவார். ஒரு குழந்தையின் உடம்பு வெளுத்து, துணியின் முனை மூடியிருந்த இடம் மட்டும் அழுத்தமான மஞ்சளாக நிற்பதை மருத்துவர்களிடம் அவர்தான் காட்டினார். நீல ஒளி விளக்குச் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. அந்த விளக்கு தரும் அளவான ஒளியை மொட்டைமாடி வெயில் தராது. வெயிலில் காட்டுவதைச் சிகிச்சை என்று நம்பி இரண்டு நாள் தள்ளுவதில்தான் ஆபத்து.

மலம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?

முதலில் தார் போல் கறுப்பாக, மூன்று நான்கு நாளில் பச்சையாக, பிறகு கடுகு அரைத்த மஞ்சளாக. தாய்ப்பால் குழந்தை நாளைக்கு எட்டுத் தடவையும் போகும், சில வாரம் கழித்து மூன்று நாளைக்கு ஒரு தடவையும் போகும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைகூடப் போகாவிட்டால் சொல்ல வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மலம் சுண்ணாம்பு, களிமண் நிறத்தில் வெளுத்திருந்தால் பித்தநாளம் அடைத்திருக்கலாம். அதற்கான கசாய் என்ற அறுவை சிகிச்சை பிறந்த 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். ஜப்பானில் 2012 முதல் தாய் சேய் கையேட்டிலேயே மல நிற அட்டையை வைத்துவிட்டார்கள். தாய் துணியை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாள், அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் வடியாத குழந்தையின் மலத்தைப் போட்டோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதுத்துணி போடக் கூடாது, பழந்துணிதான் என்கிறார் மாமியார்.

அவர் சொல்வது சரி. பல தடவை வெளுத்து மெத்தென்றான தாத்தா வேட்டிக்கு ஈடான துணி கடையில் கிடையாது. ஆனால் அது பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்ததா என்று கேளுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையிலிருந்து துணியில் ஏறிய நாப்தலீன் ரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சளைக் கொண்டுவரும். அலமாரியில் கிடந்த துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்திப் போடுங்கள். உருண்டையை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள்.

தூளியில் போடலாமா? தலை உருண்டையாகக் கடுகுத் தலையணை?

தலையணை எதுவும் ஒரு வயதுவரை வேண்டாம். மல்லாக்க, கெட்டியான சமப் பாயில், தாயின் பக்கத்தில் தனி விரிப்பில் படுக்க வைப்பது பாதுகாப்பு. தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும்போது தாடை மார்பில் அழுந்தி மூச்சு சிரமப்படலாம், முதல் சில மாதத்தில் குறிப்பாக. விழித்திருக்கும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் போடுங்கள். துணி முகத்தை மூடாமல் விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கட்டையை மறக்காதீர்கள். அண்ணன் அக்காவை ஆட்ட விடாதீர்கள்.

குழந்தை 1.9 கிலோதான். அப்பா என்ன செய்யலாம்? (ஒரு அப்பா கேட்டது)

சட்டையைக் கழற்றி மார்பில் போட்டுக்கொள்ளலாம். கங்காரு முறை என்பது அதுதான். இன்குபேட்டர் பற்றாத கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே தொடங்கினார். டயபரும் குல்லாயும் மட்டும் போட்டு, தோலோடு தோலாக, தவளை மாதிரி மடக்கி, மார்புக்கு நடுவில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தாய் தூங்கும் நேரத்தில் அப்பா, பாட்டி, அத்தை யாரும் செய்யலாம். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளைப் பிறந்தவுடனே இப்படி வைத்ததில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது.

குளிர்கிறதா என்று பார்க்க, புறங்கையால் முதலில் வயிற்றையும் பிறகு உள்ளங்காலையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் சரி. வயிறு சூடு, கால் சில் என்றால் குளிரில் இருக்கிறது, உடனே அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சில் என்றால் மருத்துவமனை.

எனக்குத் தண்ணீரே தர மாட்டேன் என்கிறார்கள். பத்தியம் எவ்வளவு நாள்?

பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, பிரசவ லேகியம் எல்லாம் நல்ல சாப்பாடு. சர்க்கரை நோய் இருந்தால் வெல்லம் கூடிய லேகியத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைப்பதில்தான் எனக்குக் கோபம் வரும். வயிறு பெரிதாகும், தையல் சீழ் வைக்கும் என்று காரணம் சொல்வார்கள். இரண்டும் நடப்பதில்லை. மலச்சிக்கலும் சிறுநீர் எரிச்சலும்தான் வரும். தாகத்துக்குக் குடியுங்கள். காய், பழம், பருப்பை விலக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தொடருங்கள். தீட்டு என்று ஆட்களைத் தள்ளி வைத்த பழக்கத்தில் ஒரு லாபம் உண்டு: தாய்க்கு ஓய்வு, குழந்தைக்குத் தொற்று குறைவு. அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காரணமில்லாமல் அழுகை வருவது முதல் இரண்டு வாரத்தில் பலருக்கும் உண்டு. அதற்கு மேலும் நீடித்தாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காவிட்டாலோ, சாகலாம் என்று தோன்றினாலோ அது மனச்சோர்வு நோய். மருந்துண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடியதும் உண்டு. வீட்டில் யாரிடமாவது அன்றே சொல்லுங்கள்.

"நாங்களெல்லாம் இப்படித்தானே வளர்த்தோம், செத்தா போனீர்கள்?" இதற்கு என்ன பதில்?

சிலர் போனார்கள். பாட்டியிடம் தனியாக உட்கார்ந்து, எத்தனை பெற்றீர்கள், எத்தனை தங்கியது என்று கேட்டால் அவரே சொல்வார். ஆனால் வாக்குவாதத்தில் இதைச் சொல்லி ஜெயிக்க முயலாதீர்கள்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி செய்தது எனக்குப் பிடித்த வழி. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டில் போய்ப் பார்க்க வைத்தார்கள். மூச்சை எண்ண, எடை பார்க்க, சூடேற்ற, தேவையானால் ஊசியும் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இன்று ஆஷா பணியாளர்கள் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டுக்கு வருவது அந்த வேலையின் தொடர்ச்சி. ஆக, பெரியவர்களை ஒதுக்காமல் வேலையை மாற்றிக் கொடுங்கள். உரைகல்லை வாங்கி வைத்துவிட்டு, "அத்தை, உங்க கைக்குத்தான் இவன் அடங்குறான், ஏப்பம் விட வையுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போய், கேள்வியை அவர் வாயாலேயே கேட்க விடுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பால் குடிப்பதை நிறுத்திவிட்டால் அல்லது உறிஞ்சத் தெம்பில்லாமல் போனால். தூங்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ணி மூச்சு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், மூச்சிழுக்கும்போது நெஞ்சு ஆழமாகக் குழிந்தால், முனகினால். வலிப்பு வந்தால். அக்குளில் 99.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அல்லது அணைத்தும் சூடேறாத சில்லிப்பு. உதடும் நாக்கும் நீலம். பச்சை நிறத்தில் வாந்தி, ஏனென்றால் அது குடல் முறுக்கியிருப்பதாலும் வரலாம். பால் குடித்ததும் கொஞ்சம் எதுக்களிப்பது இதில் சேராது.

இந்த வயதில் "ராத்திரி பார்த்துட்டு காலைல போலாம்" என்பது கிடையாது. 108-ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியில் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104-இல் ஆலோசனை கேட்கலாம்.

பிறந்ததும் போட்ட ஊசிகள் என்னென்ன? கையில் கட்டி வந்திருக்கிறதே?

இடது கையில் காசநோய்க்கு எதிரான பிசிஜி, வாயில் போலியோ சொட்டு, தொடையில் ஹெபடைடிஸ் பி (24 மணி நேரத்துக்குள்), ரத்தக்கசிவைத் தடுக்க வைட்டமின் கே. பிசிஜி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி வந்து, உடைந்து, தழும்பாகும். ஒத்தடமோ மருந்தோ வேண்டாம். அடுத்த ஊசி ஆறாம் வாரம். வைட்டமின் டி சொட்டு தினம் 400 யூனிட். பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி வேறு, எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள்.

பேர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிய வேண்டுமா?

ஆமாம், 21 நாளுக்குள். பேர் இல்லாமலே பதியலாம். ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். மருத்துவமனைப் பிரசவம் என்றால் அவர்களே தகவல் கொடுத்துவிடுவார்கள். சான்றிதழில் தாய் தந்தை பேரின் எழுத்து ஆதாரில் உள்ளதுபோல் இருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பிற்பாடு திருத்த அலைய வேண்டியிருக்கும்.